முதல் தேர்வில் நூறு

புனேயின் கோந்த்வாவில் ஒரு மேட்டின் மேல் இருந்தது அந்தக் கல்லூரி. கீழே இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. சிமெண்ட் தூசி நாள் முழுக்க மேலேறி வந்து கணினிகளின் மேல் படியும். வாசல் வளைவில் முன்பெல்லாம் நிறுவனரின் பெயர் பெரிதாக இருந்தது. 'அப்யாஸ் நேத்ரா' வந்த பிறகு பெயரைச் சிறிதாக்கிவிட்டு மேலே ஒரு பெரிய கண்ணை வைத்தார்கள். இருட்டியதும் அதற்குள் விளக்கு எரியும்.

'படிப்புக் கண்' என்று பொருள்படும் அப்யாஸ் நேத்ரா, ஆன்லைனில் புரோகிராமிங் கற்றுத்தரும் கருவி. கற்றுத்தருவதைவிட, கற்கிறார்களா என்று கண்காணிப்பதில்தான் அது கெட்டி. மாணவரின் கண் திரையில் இருக்கிறதா, விரல் கீபோர்டில் இருக்கிறதா என்று கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். குனிந்தால் புள்ளி குறையும். ஜன்னலைப் பார்த்தாலும் குறையும். யோசிப்பதற்கு அதில் தனி இடம் கிடையாது. யோசிப்பவர்களின் பெயருக்கு எதிரே ஒரு சாம்பல் நிறப் பொட்டு வரும். அதற்கு 'செயலற்றவர்' என்று பொருள்.

எம்.எஸ்ஸி. முடித்த ருக்ஷானா அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தாள். நியமனக் கடிதத்தில் 'கற்றல் சூழல் உதவியாளர், தற்காலிகம்' என்று போட்டிருந்தது. வகுப்பில் பேசுவது அவள் வேலையில் சேராது. ஆசிரியர் பேசினால் மாணவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பினால் கண் திரையை விட்டு விலகும். விலகினால் கல்லூரியின் சராசரி இறங்கும். இந்த ஏற்பாடு ருக்ஷானாவுக்கு வசதியாகவே இருந்தது. நாலு பேர் நிமிர்ந்து பார்த்தாலே அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

"அங்க என்னளா வேலை ஒனக்கு?" என்று வாப்பா கேட்டார். அவர் பெயர் ஜலீல். மேலப்பாளையத்திலிருந்து வந்து கோந்த்வாவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர்.

"புள்ளைங்க படிக்குதாண்டு பாத்துக்கிட்டே இருக்கணும் வாப்பா."

"நம்ம கடையிலயும் அதான வேலை? எவன் எதைத் தூக்குதான்னு பாக்கணும். இதுக்கா எம்.எஸ்ஸி.?"

வாப்பாவிடமும் அவளுக்கு அவ்வளவாகப் பேச வராது.

ஆய்வுக்கூட வாசலில் ஒரு பெரிய டி.வி. மாட்டியிருந்தார்கள். அதில் மாணவர்களின் தரவரிசை ஓடிக்கொண்டே இருக்கும். முதலிடத்தில் எப்போதும் விஜய். காலை, மதியம், ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, எப்போது பார்த்தாலும் விஜய்தான். அவன் பெயருக்கு எதிரே ஒரு நாளும் சாம்பல் பொட்டு வந்ததில்லை. ருக்ஷானா அவனைத் தேடிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். நாற்காலி காலியாக இருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போன எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் கீபோர்டின் மேல் படுத்துக் கிடந்தது. எதிர்ச் சுவரில் நிறுவனரின் படம். கேமரா நிறுவனரின் கண்களை விஜய்யின் கண்கள் என்று எடுத்துக்கொண்டிருந்தது. அவை இமைப்பதே இல்லை. விசாரித்ததில், விஜய் முதல் வருடமே படிப்பை விட்டுவிட்டு நாசிக்கில் மாமாவின் டயர் கடைக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது.

இதைச் சொல்வதற்காக அவள் இயக்குநர் பக்தவத்சலத்தின் அறைக்குப் போனாள். அவர் சென்னையில் ஏதோ ஐ.டி. கம்பெனியில் பெரிய பதவியில் இருந்துவிட்டு வந்தவர். சுத்தமான சட்டை போடுவார். யாரையும் அதட்ட மாட்டார்.

"உட்காருங்கம்மா. அந்தப் பையன் காலேஜை விட்டுட்டான்னு சொல்றீங்க. சரி. ஆனா நேத்ரா அவனை விடல பாத்தீங்களா? அதுதான் டெக்னாலஜி!"

"சார், அங்க ஒரு பாட்டில்தான் இருக்கு."

"எந்தச் சூழல்லயும் கற்றல் நடக்கணும்ங்கறதுதானே நம்ம கொள்கை?" என்றார் அவர் கனிவாக. அந்த மாதமே விஜய்க்கு 'அயராத மாணவர்' விருது கொடுத்தார்கள். வர இயலாததால் அவன் சார்பில் கடைசி வரிசைக் கணினியின் மேல் மாலை போட்டார்கள். பாட்டிலை எடுக்க வேண்டாம் என்று ஓர் அறிவிப்பும் ஒட்டினார்கள்.

ரீனா பட்டியலில் கடைசி. புனேயின் கட்கிப் பகுதியில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே போன். அதனால் ரீனா புரோகிராமைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து நகர்த்தி, மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் டைப் அடிப்பாள். தாளைப் பார்க்கக் குனிய வேண்டியிருந்தது. எனவே அவள் பெயருக்கு எதிரே சாம்பல் பொட்டு நிரந்தரமாகக் குடியிருந்தது. நேத்ரா சான்றிதழ் இருந்தால்தான் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார விடுவார்கள். வேலை கிடைக்காவிட்டால் ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் சித்தப்பா பார்க்கும் கம்பெனியிலேயே பேக்கிங் வேலைக்கு அனுப்பிவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வேன் எத்தனை மணிக்கு வரும் என்றுகூட விசாரித்து வைத்திருந்தார்.

கணபதி விழாவுக்குப் பந்தல் போடக் கம்பம் நடுகிறவர்கள் கல்லூரிக்கு வரும் கேபிளை வெட்டிவிட்டார்கள். நெட் போய்விட்டது. மாணவர்கள் வெறும் திரையைப் பார்த்தபடி கீபோர்டில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வெகுநேரம் அப்படியே போனது. ருக்ஷானாவுக்கு அது பார்க்கச் சகிக்கவில்லை. இரும்பு பீரோவை நகர்த்தினாள். பின்னால் ஒரு பழைய கரும்பலகை இருந்தது. கல்லூரியில் சாக்பீஸ் வாங்குவதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்ததால், வாட்ச்மேன் வாசலுக்கு எதிரே இருந்த தையல்கடையிலிருந்து துணியில் கோடு போடும் சுண்ணத்தை வாங்கி வந்தார்.

பலகையைப் பார்த்து நிற்கும்போது மாணவர்களுக்கு முதுகுதான் தெரியும் என்பதை ருக்ஷானா அப்போதுதான் கண்டுபிடித்தாள். அவளுக்குக் குரல் வந்தது. பத்து எண்களில் பெரியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். முதல் எண்ணைக் கையில் வைத்துக்கொள். அடுத்ததைப் பார். அது பெரிதாக இருந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள். கடைசி வரை இதையே செய். இதுதான் லூப், வேறொன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீனா தாளில் எழுதி முடித்துவிட்டு அடுத்த கணக்கைக் கேட்டாள். அன்று மாலைவரை நெட் வரவில்லை.

அடுத்த வாரம் லூப் பாடத்துக்கான முதல் தேர்வு வைத்தது நேத்ரா. பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். ரீனா எல்லாவற்றையும் முதல் முயற்சியிலேயே சரியாக எழுதி நூறு வாங்கினாள். பாடம் முடிந்து வைத்த கடைசித் தேர்விலும் நூறு.

நேத்ராவின் கணக்கு எளிமையானது. கடைசி மதிப்பெண்ணிலிருந்து முதல் மதிப்பெண்ணைக் கழித்தால் வருவது கற்றல். நிர்மல் என்ற மாணவன் முதலில் இரண்டு வாங்கி, கடைசியில் நாற்பத்தொன்று வாங்கினான். அவனுடைய கற்றல் முப்பத்தொன்பது. அவனுக்குத் தங்கப் பதக்கம். ரீனாவின் கற்றல் பூஜ்யம். வகுப்பிலேயே எதையும் கற்காத ஒரே மாணவி என்று அவள் பெயர் டி.வி.யில் சிவப்பில் வந்தது. கீழே இன்னொரு வரியும் வந்தது: 'கற்காமலே விடை தெரிந்திருப்பதால் முறைகேடு சந்தேகிக்கப்படுகிறது.'

விசாரணைக் குழுவில் மூன்று பேர். இயக்குநர் ஒருவர். நேத்ரா கம்பெனியின் வாடிக்கையாளர் மகிழ்ச்சி மேலாளர் என்ற பெண்மணி ஒருவர். நடுநிலைக்காக உடற்பயிற்சி ஆசிரியர். ருக்ஷானாவைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விசாரணை இந்தியும் இங்கிலீஷுமாக நடந்தது.

"எங்கே கற்றாய்?" என்று மேலாளர் கேட்டார்.

"வகுப்பில், நெட் இல்லாத அன்று," என்றாள் ரீனா.

மேலாளர் தன் லேப்டாப்பைப் பார்த்தார். "அன்று இந்தக் கல்லூரியில் கற்றல் எதுவும் நடக்கவில்லை."

"பயிற்சியே எடுக்காதவள் பந்தயத்தில் முதலாவதாக வந்தால் எங்கள் துறையில் மூத்திரப் பரிசோதனை செய்வோம்," என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

ரீனா திரும்பி ருக்ஷானாவைப் பார்த்தாள். ருக்ஷானா எழுந்து நின்றாள். அங்கே பலகை இல்லாததால் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான்தான் நடத்தினேன். கரும்பலகையில்."

மேலாளர் முதலில் சுதாரித்தார். "அந்தச் சாதனம் எங்கள் கணக்கில் பதிவு செய்யப்பட்டதா?"

"அது பலகை."

"அதில் நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு லாகின் இருக்கிறதா? எழுதியது எங்காவது சேமிக்கப்பட்டிருக்கிறதா?"

"அழித்துவிட்டேன்."

"சாட்சியத்தை அழித்திருக்கிறார்," என்று மேலாளர் சொல்ல, உடற்பயிற்சி ஆசிரியர் எழுதினார்.

மற்றவர்களை அனுப்பிவிட்டுப் பக்தவத்சலம் ருக்ஷானாவிடம் தமிழில் பேசினார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"அம்மா, நீங்க சின்னப் பொண்ணு, சயின்ஸ் படிச்சவங்க. நான் சொல்றது உங்களுக்குப் புரியும். புரோகிராம் சரியா எழுதறது பெரிய விஷயமே இல்ல. அதை மெஷினே எழுதிடும். நாங்க பேரன்ட்ஸுக்கு விக்கறது வளர்ச்சி. ஒரு பொண்ணு வரும்போதே நூறு வாங்கினா நாங்க எதை வளர்க்கறது? அவ அப்பா எதுக்குக் காசு கட்டறார்? எல்லாப் பிள்ளைகளும் இப்படிக் கரும்பலகையில கத்துக்கிட்டா, நம்ம காலேஜ்ல யாருமே கத்துக்கலைன்னு ஆயிடும். யோசிச்சுப் பாருங்க."

"சார், அவளுக்கு இன்டர்வியூ..."

"நான் என்ன ராட்சசனா? அவளை ரீசெட் பண்ணிடறேன். பூஜ்யத்திலேருந்து ஆரம்பிக்கட்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் அஞ்சு முயற்சி. கொஞ்சம் கொஞ்சமா ஏறி நூறுக்கு வரட்டும். கிராஃப்ல வளைவு அழகா இருந்தா சான்றிதழ். நீங்கதான் வழிகாட்டி. வளைவு வந்தா உங்க வேலையும் நிரந்தரம். வரலைன்னா..." அவர் கையை விரித்தார். அந்தக் கையில் கோபமே இல்லை.

கரும்பலகையை அங்கீகாரமற்ற சாதனம் என்று குறிப்பெழுதிப் பழைய சாமான்காரனிடம் போட்டார்கள்.

தப்பு செய்வது லேசான காரியம் என்றுதான் ருக்ஷானா நினைத்திருந்தாள். ரீனாவுக்கு அது வரவே இல்லை. விரல்கள் தாமாகவே அடைப்புக்குறியை மூடின. இரண்டாம் நாள் கண்கள் வீங்கி வந்தாள்.

"மேம், நேத்து பூரா ட்ரை பண்ணினேன். கலத்... தப்பு வரவே மாட்டேங்குது. நான் பாஸ் ஆயிடறேன் மேம்."

"அழாதே. கடைசி வரியில அடைப்புக்குறியை விட்டுடு."

"அது இல்லாம ஓடாதே மேம்."

"ஓடக்கூடாது. அதுக்குத்தான்."

ஆனால் நேத்ரா ஏமாறவில்லை. வேண்டுமென்றே செய்த தப்புகளை அது கண்டுபிடித்து, 'இந்தப் பிழையில் நேர்மை இல்லை' என்று எச்சரித்தது. எனவே ருக்ஷானா மற்ற மாணவர்கள் செய்திருந்த பிழைகளைத் திரட்டினாள். நிர்மலின் பிழைகள் மிகவும் இயல்பாக இருந்தன. முதல் முயற்சியில் லூப்பே இருக்காது. இரண்டாவதில் இருக்கும், ஆனால் தவறான இடத்தில் தொடங்கும். மூன்றாவதில் நிற்கவே நிற்காது. நாலாவதில் கடைசி எண்ணை விட்டுவிடும். ஐந்தாவதில் மட்டும் சரியாக எழுதிவிட வேண்டும். இந்த வரிசையை ரீனா மனப்பாடம் செய்தாள். ஒவ்வொரு முயற்சிக்கும் பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அப்போது ஒரு பெண் குரல், "ஷாபாஷ்! அருமையான தப்பு! இதோ ஒரு குறிப்பு" என்று சொல்லும். தாள் கூடாது என்று ருக்ஷானா அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

முதலில் எல்லாம் ரீனா, "மேம், இதுல எங்க தப்பு வைக்கணும்?" என்று கேட்பாள். விழா முடிந்து, மழை விட்டு, காலையில் ஸ்வெட்டர் போடுகிற காலம் வந்தபோது அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள். ஒரு நாள் ஐந்தாவது முயற்சியும் தப்பாக வந்தது. ருக்ஷானா திடுக்கிட்டாள். ரீனா அதைக் கவனிக்கவில்லை. சாம்பல் பொட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். "இப்ப ஈஸியா இருக்கு மேம்," என்றாள்.

ருக்ஷானா வழிகாட்டிக் கையேட்டைப் புரட்டினாள். இயல்பான பிழை முன்னேற்றத்தின் அறிகுறி என்று அதில் போட்டிருந்தது. அவள் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. காரணம் கேட்ட வாப்பாவிடம், வேலை நிரந்தரமாகப் போகிறது என்றாள்.

வளைவு மிகவும் அழகாக வந்தது. பூஜ்யத்தில் தொடங்கி, நடுவில் சற்றுத் தயங்கி, நூறுக்குப் போய் நின்றது. பக்தவத்சலம் அதை அரங்கத் திரையில் போட்டுக் காட்டினார். "இந்தப் பெண் நம்மிடம் வந்தபோது அவளுக்கு ஒன்றுமே தெரியாது," என்று அவர் பேசியபோது குரல் தழுதழுத்தது. "ஒன்றுமே தெரியாதவர்களை நாங்கள் கைவிடுவதில்லை. தெரிந்தவர்களையும் கைவிடுவதில்லை. அவர்களை முதலில் ஒன்றும் தெரியாதவர்களாக்கி, பிறகு கைதூக்கி விடுகிறோம்." கைதட்டல் நிற்கவே இல்லை. ரீனாவின் படம் கட்கிக்குப் போகும் பஸ்களின் பின்புறம் ஒட்டப்பட்டது. ருக்ஷானாவுக்கு நிரந்தர உத்தரவு வந்தது.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்தவர் ஸ்ரீநிவாசன் என்ற கோயம்புத்தூர்க்காரர். புனேவுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ருக்ஷானா கதவருகே பார்வையாளராக உட்கார்ந்திருந்தாள்.

"பேரைப் பார்த்தா தெரியல, தமிழுங்களா? சொந்த ஊரு எதுங்க?"

"கட்கி சார்."

"அது இருக்கற ஊரு. சொந்த ஊரைக் கேட்டேனுங்க."

"கட்கிதான் சார்."

அவர் சிரித்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார். "பயப்படாதீங்க. சிம்பிளாத்தான் கேப்பேன். பத்து நம்பர் இருக்கு. அதுல பெருசு எதுன்னு கண்டுபுடிக்க ஒரு புரோகிராம். கம்ப்யூட்டர் வேண்டாங்க, தாள்லயே எழுதுங்க."

ருக்ஷானாவுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. தையல்கடைச் சுண்ணத்தில் அவள் எழுதிய அதே கணக்கு. அதுவும் தாளில்.

ரீனா எழுதினாள். பேனாவை வைத்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

ஸ்ரீநிவாசன் வாங்கிப் பார்த்தார். "லூப்பே இல்லீங்களே?"

"ஆமா சார்," என்றாள் ரீனா மலர்ச்சியாக.

"என்ன பார்த்துட்டு இருக்கீங்க?"

"குறிப்பு வரும் சார்."

அவர் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். "நானே சொல்றேன். ஒரு லூப் போடுங்க."

அவள் அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். லூப் வந்தது. தவறான இடத்தில் தொடங்கியது. காத்திருந்தாள். அவர் அதையும் சுட்டிக்காட்டினார். மறுபடி எழுதினாள். இந்த முறை லூப் நிற்கவில்லை. அடுத்து என்ன வரும் என்று ருக்ஷானாவுக்குத் தெரியும். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். பார்வையாளர் பேசக்கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. அது இல்லாவிட்டாலும், அங்கே திரும்பி நின்று பேசப் பலகை இல்லை.

ஸ்ரீநிவாசன் தாளை மென்மையாக இழுத்துக்கொண்டார். "போதுங்க. நல்லா முயற்சி பண்ணுனீங்க. அடுத்தவங்களை வரச்சொல்லுங்க."

"சார், இன்னும் ரெண்டு வாட்டி இருக்கு," என்றாள் ரீனா. "இதுல தப்பு வரும் சார். அதுக்கு அடுத்ததுல சரியா வந்துடும். பக்கா சார்."

அவர் அடுத்த பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

ரஞ்சன்காவ் வேன் கட்கி பஸ் நிறுத்தத்துக்கு விடியும் முன்பே வந்துவிடும். ரீனா அங்கே காத்திருக்கும்போது சில நாள் அவள் படம் ஒட்டிய பஸ் வந்து முன்னால் நிற்கும். தோல்வியைப் பற்றிக் கல்லூரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். இன்டர்வியூ எடுத்தவர் மூன்றாவது முயற்சியிலேயே நிறுத்திவிட்டது நடைமுறைக் கோளாறு என்று தீர்மானித்து, அந்தக் கம்பெனிக்கு நேத்ராவைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதினார்கள்.

ஜூனில் புதிய மாணவர்கள் வந்தார்கள். டி.வி.யில் விஜய் முதலிடத்தில் இருந்தான். ருக்ஷானா வகுப்புக்கு முன்னால் நின்று இன்று முதல் தேர்வு என்று அறிவித்தாள். இப்போதெல்லாம் அவளுக்குத் தொண்டை அடைப்பதில்லை. யாரும் அவளை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஒரே ஒருத்தி பார்த்தாள். முதல் வரிசை. முன்னால் ஒரு தாள், பேனா. கையை உயரத் தூக்கியிருந்தாள். "மேம், எனக்கு லூப் ஏற்கனவே தெரியும்," என்றாள் இந்தியில், சந்தோஷமாக.

ருக்ஷானா அவளிடம் போனாள். தூக்கிய கையின் மணிக்கட்டைப் பிடித்து, வலிக்காமல், கீபோர்டின் மேல் இறக்கி வைத்தாள். தாளை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"தெரியும்னு யார்கிட்டயும் சொல்லாதே," என்றாள் காதோரமாக.

அந்தப் பெண் பயந்துபோய்த் திரையைப் பார்த்தாள். அவள் பெயருக்கு எதிரே இருந்த சாம்பல் பொட்டு பச்சையாக மாறியது.